உம் கொட்டும் சாலை: நெய்வேலியில் ஒரு பனிக்காலை

சைக்கிளிலேயே கன்னியாகுமரி வரை போய் வந்தவள் நான். ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அது வெறும் நாற்பத்து நாலு கிலோமீட்டர். பக்கத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுப் பார்க்காமலே விட்டுவிடுவது என் குணம். எங்கள் ஊர்க் கடற்கரைக்கே விருந்தாளி வந்தால்தான் போவேன்.

இந்த மாசியில் போனதற்குக் காரணம் என் காறை எலும்பு. போன வருஷம் பாண்டிச்சேரி சாலையில், பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்த ஒரு பைக் என்னைத் தட்டிவிட்டுப் போனது. எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு பின்னால் ஹார்ன் கேட்டாலே வண்டியை ஓரங்கட்டிக் காலை ஊன்றிவிடுவேன். இப்படி ஊன்றி ஊன்றிக் காய்கறிக் கடைக்குப் போய் வருவதே ஒரு யாத்திரை ஆகிவிட்டது. "வண்டியை வித்துடலாமே" என்று என் கணவர் மாதம் ஒருமுறை சொல்வார். அவர் சொல்வது நியாயம் என்று தோன்ற ஆரம்பித்தபோதுதான் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. சாலையில் அடிபட்ட சைக்கிள்காரர்களை நினைத்து நெய்வேலியில் ஒரு சைக்கிள் ஊர்வலம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு, மொத்தம் பதினோரு கிலோமீட்டர், கட்டணம் இல்லை.

கொடுத்திருந்த எண்ணில் கூப்பிட்டேன். பேசியவர் பிரேமா. ஒரு கேன்டீனில் வேலை செய்துகொண்டே இந்த ஊர்வலத்தை மூன்றாவது வருஷமாக நடத்துகிறார். தனியாக வருகிறேன் என்றதும், தனியாக ஓட்டக் கூடாது, ஜோடி போட்டுத் தருகிறேன் என்றார். ஜோடிகள் முதல் நாள் சாயங்காலமே சந்தித்து, ஒருவர் வண்டியின் பிரேக்கை இன்னொருவர் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். தன் பிரேக்கைத் தானே பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருப்பதாகத் தோன்றும் என்றார். என் ஜோடியின் பெயர் கலியபெருமாள்.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கிளம்பினேன். கடலூரைத் தாண்டியதும் வயல்வெளி முழுக்கப் பனி. எதிரில் வருகிறவர்கள் முதலில் சத்தமாக வந்து, பிறகுதான் ஆளாக வந்தார்கள். குறிஞ்சிப்பாடியை எட்டும்போது மணி 8.05. ஒரு தெருவுக்குள் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டீ பன்னிரண்டு ரூபாய், நாலு இட்லி நாற்பது ரூபாய். கெட்டிச் சட்னிக்காகவே இன்னும் இரண்டு வாங்கினேன். வடலூரில் வலப்பக்கம் திரும்பி, ஆர்ச் கேட் வழியாக டவுன்ஷிப்புக்குள் நுழைந்தபோது மணி 10.20. வழியில் எத்தனை முறை காலை ஊன்றினேன் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்து மூன்று.

உள்ளே வந்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. வெளியே ஹைவேயில் லாரிகள் போட்ட இரைச்சல் பத்து மிதியில் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மரங்கள், மேலே கிளைகள் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி சுற்றுச்சுவர், ஒரே மாதிரி ரவுண்டானா. ஒரு மயில் சாவகாசமாகச் சாலையைக் கடந்தது. அது எனக்கு வழிவிடவில்லை, நான்தான் விட்டேன். எங்கிருந்தோ ஒரு ரீங்காரம், விடாமல். சுரங்கத்திலிருந்து நிலக்கரி கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டின் சத்தம் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சத்தத்துக்குக் கண் தானாகச் சொருகியது.

அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, மாடியில் சிவப்புப் போர்வை காயும் ஒரு வீட்டை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன் என்பது உறைத்தது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா என்னை மூன்று தடவையும் பார்த்திருக்கிறார். எந்த பிளாக் வேண்டும் என்று கேட்டார். எந்த பிளாக்கும் வேண்டாம், மந்தாரக்குப்பம் போக வேண்டும் என்றேன். கல்யாணமாகி வந்த புதிதில் அவரே தன் வீடு என்று நினைத்து அடுத்த பிளாக்கில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சமையல்கட்டு வரை போய்விட்டாராம். சிரித்துக்கொண்டே வழி சொன்னார்.

மந்தாரக்குப்பம் டவுன்ஷிப்பை ஒட்டிய கடைத்தெரு ஊர். அங்கே லாட்ஜில் அறை எழுநூறு ரூபாய். சைக்கிளை மாடிக்குத் தூக்கிப்போக விட்டார்கள். மத்தியானம் சாப்பாடு தொண்ணூறு. சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டேன். அந்த ஊரில் பகலில் தூங்குகிறவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. நைட் ஷிப்ட் ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு, லாட்ஜுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் கலியபெருமாள் காத்திருந்தார். நாற்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள், கழுத்தில் மப்ளர். பிறந்தது குறிஞ்சிப்பாடிப் பக்கம், இருப்பது மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. பத்தொன்பது வருஷமாகச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை அள்ளிப் போடுகிற வேலை. என் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பின்பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது என்றார். பத்து நிமிஷத்தில் சரிசெய்தும் கொடுத்தார். அவர் வண்டியை நான் பார்த்தேன். பழைய பெரிய சைக்கிள், அகலமான கேரியர். புதுத் துணி மடித்து அந்தக் கேரியரின் மேல் கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, அந்த ஊர்க்காரர்களின் ஒரு பழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். நைட் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு முடியும். விடிய விடிய வேலை பார்த்தவன், குளிர்காற்றில், அந்த மரங்களுக்கு அடியில் சைக்கிள் மிதித்தால் மிதித்துக்கொண்டே தூங்கிவிடுவான். அதனால் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். சாலை குறுகலாக இருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாது, ஒருவர் பின்னால் ஒருவர்தான். முன்னால் போகிறவர் கதை சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றுபோனால், பின்னால் இருப்பவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். உடனே முன்னால் இருப்பவர் பெல்லை அடித்துக்கொண்டே வண்டியை நிறுத்திவிடுவார்.

கலியபெருமாள் கதை சொல்கிறவர். அவருக்கு உம் கொட்டியவர் செல்வம். செல்வம் தென்காசிக் குடும்பம், டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர், பர்மனென்ட் ஆபரேட்டர். வெவ்வேறு வேலை, வெவ்வேறு சம்பளம், ஆனால் ஒரே ஷிப்ட். ஏழு வருஷம் ஒரு ரவுண்டானா வரை சேர்ந்து போய், அங்கே பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போவார்கள். கதைகள் எல்லாம் கலியபெருமாளின் சொந்தச் சரக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த கதை, தூக்கம் விற்கிறவன் கதை. ஒருத்தன் மூட்டை நிறையத் தூக்கத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படி கணக்கில் அளந்து விற்கிறான். அதை எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தூக்கத்தப் பத்தி, தூங்காம இருக்கறதுக்குக் கதை சொல்லிக்கினு வந்திருக்கேன் பாருங்க. அறிவிருக்குதா எனக்கு?" என்றார்.

எட்டாம் நாள், முந்திரித்தோப்புத் திருப்பத்தில், தூக்கம் விற்கிறவன் ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் வந்து நின்று தட்டினான். பின்னாலிருந்து உம் வந்தது. அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறக்கும்போது பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தால் செல்வம் பள்ளத்தில் கிடக்கிறார், கண் மூடியிருக்கிறது. வேன் ஒன்று பனிக்குள் போய்விட்டது. செல்வத்துக்குத் தலையிலும் இடது முழங்காலிலும் அடி. விசாரித்தவர்கள் கேட்டபோது கலியபெருமாள் சொன்னது இதுதான்: அவன் தூங்கிவிட்டான், தூக்கத்திலேயே உம் கொட்டியிருக்கிறான், நான் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டேன். உம் கொட்டிப் பழகிய ஊர் அது. தூக்கத்தில் உம் கொட்டுகிற புருஷனையும் பிள்ளையையும் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கேட்டவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வேன் எது, யாருடையது என்று அதற்குப் பிறகு யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

செல்வம் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்புறம் தென்காசியில் மனைவி வீட்டில் இரண்டரை வருஷம். போன வருஷம்தான் நெய்வேலிக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து பார்க்கிற வேலையில் சேர்ந்திருக்கிறார். முழங்கால் மடங்காது. மூன்று முறை கைத்தடியோடு கலியபெருமாள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மூன்று முறையும் இவர் கொல்லைப்பக்கமாக வெளியே போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம்தான் செல்வம் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், நாளை ஊர்வலத்துக்கு வருகிறேன், கலியன் கேரியரில்தான் உட்காருவேன் என்று.

"நாலு வருஷமா அவன் மூஞ்சியப் பாக்காம ஓடிக்கினு இருக்கேன் மேடம். எதுக்கு வரான்னு தெரியல. காரித் துப்புனாக்கூடப் பரவால்ல. நல்லா இருக்கியாடான்னு கேட்டுட்டான்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டார். நாளைக்கு நான் வராமலும் போகலாம், வேறு ஜோடி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

நான் வேறு ஜோடி கேட்கவில்லை. துணியை மடித்துக் கேரியரில் கட்டியவர் வராமல் இருக்க மாட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் ராத்திரி இரண்டு முறை எழுந்து மணி பார்த்தேன்.

ஞாயிறு காலை 5.50க்குச் சுரங்க வாசலுக்குப் போனேன். லாட்ஜிலிருந்து மூன்று கிலோமீட்டர். பனி அவ்வளவு அடர்த்தி, தெருவிளக்குகள் கம்பம் இல்லாமல் தனியாகத் தொங்கின. ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். பாதிப் பேர் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். பிரேமா எண்ணிப் பார்த்து எழுபத்தாறு என்றார். முன்வண்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. 'உம் வந்தால் போதுமா? திரும்பிப் பார்!' என்று பெரிய எழுத்தில். அது யாரைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். கலியபெருமாள் அதைப் பார்க்காமல் இருப்பதற்காக வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். வந்துவிட்டார். கேரியரில் யாரும் இல்லை.

ஊர்வலத்தின் விதி ஒன்றுதான். ஆறேகாலுக்குப் பிரேமா கையைத் தூக்கியதும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அடிபட்ட ஐந்து இடங்களில் நின்று, கடைசி இடமான முந்திரித்தோப்புத் திருப்பம் வரை, ஐந்து கிலோமீட்டர், யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அங்கிருந்து வேறு வழியாகத் திரும்பி வரும் ஆறு கிலோமீட்டரும் ஜோடியோடு பேசிக்கொண்டேதான் வர வேண்டும், சும்மா வரக் கூடாது.

6.14க்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும், இடது கால் கட்டை மாதிரி நேராக நின்றது. அவர் கலியபெருமாளை நோக்கி நடந்து வருகிற நேரத்தில் பிரேமாவின் கை மேலே போய்விட்டது. செல்வம் வாயைத் திறந்தார், கையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கைத்தடியை என்னிடம் நீட்டினார். நான் அதை என் ஹேண்டில்பாரில் வைத்துக் கட்டிக்கொண்டேன். கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடங்காத காலை ஓரமாக நீட்டிக்கொண்டு, ஒரு கையால் கலியபெருமாளின் சீட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டார். கலியபெருமாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

அந்த ஐந்து கிலோமீட்டரை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபத்தாறு செயின்கள் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அதுகூடப் பனிக்குள் பஞ்சாகிவிட்டது. முன்னால் போகிறவர்களின் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கன்வேயரின் ரீங்காரம் ஒரு பக்கம் வந்து, சாலை திரும்பும்போது இன்னொரு பக்கம் போனது. தூரத்தில் சுரங்கத்து மண்மேடுகள் மலைகள் மாதிரி மிதந்துகொண்டிருந்தன. நான் ஓட்டுகிறேனா, சாலைதான் என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிறதா என்று சந்தேகமாக இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் உம் தேவைப்படுகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டும். முதலில் நிற்பவர் பெல்லை ஒரே ஒரு முறை அடிப்பார். அடுத்தவர் அடிப்பார். இப்படியே ஒலி வரிசையில் நடந்து நடந்து கடைசி வரை வரும். ஒரு பால்காரர் விழுந்த இடம், டியூஷனுக்குப் போன ஒரு பெண்பிள்ளை விழுந்த இடம். பெயர் சொல்வதில்லை, பேச்சும் இல்லை, பெல் மட்டும்தான். கடைசிக்கு முந்திய பெல் என்னுடையது, கடைசி பெல் கலியபெருமாளுடையது. மூன்றாவது இடத்தில் அவர் விரல் பெல்லுக்குப் போக ரொம்ப நேரம் ஆயிற்று. எல்லாரும் காத்திருந்தோம். அவருக்கு அடக்க முடியாமல் மூச்சு வாங்கியது. இரண்டு பேரைச் சுமந்ததால் அல்ல என்று எனக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் அவர் மிதித்துக்கொண்டிருந்தார், கேட்கவும் வழியில்லை. இப்படி ஒரு விதியைப் போட்ட பிரேமா மேல் எனக்குக் கோபமே வந்தது.

7.05க்கு முந்திரித்தோப்புத் திருப்பம். கடைசி பெல் அடித்து முடிந்ததும் பிரேமா கையை இறக்கினார். எழுபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். விடியற்காலையில் மரத்தில் காகங்கள் எழுந்துகொள்வது போல இருந்தது. வரிசை திரும்பிக் கிளம்பியது. கலியபெருமாள் கிளம்பவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கலியா, சொல்லு" என்றார் செல்வம்.

கலியபெருமாள் பிரேக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"விட்ட எடத்துல இருந்து சொல்லு."

கலியபெருமாள் அப்போதும் திரும்பவில்லை. செல்வமே ஆரம்பித்தார், அவசரமே இல்லாமல். "ஊர்ல எல்லா வீடும் ஒரே மாதிரி. ஒரு வீட்டுக்கு மட்டும் பச்சைக் கதவு. அவன் மூட்டைய இறக்கி வச்சிட்டு மூணு தரம் தட்டினான். மூணாவது தட்டுக்கு உள்ள ஒரு நாய் குலைச்சுது. நீதான் குலைச்சுக் காட்டின. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிச்சுக்கிட்டே உம்முன்னேன். அப்புறம்தான் வேன் வந்துச்சு."

பச்சைக் கதவை நேற்றுச் சாயங்காலம் என்னிடம் சொன்னபோது, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றுதான் கலியபெருமாள் சொன்னார். நாயைப் பற்றி என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவர் இப்போது திரும்பிப் பார்த்தார். அவரே அந்த நாயை மறந்துபோயிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் தூங்கலடா" என்றார் செல்வம். "என்னை யாருமே கேக்கல. நீயும் கேக்கல."

கலியபெருமாள் வண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்தார். மப்ளரை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார். கேரியரில் ஓர் ஆள், ஹேண்டில்பாரில் ஒரு கைத்தடி, இரண்டு கையிலும் இரண்டு சைக்கிள் என்று நான் ஒரு வாகன நிறுத்தம் மாதிரி நின்றேன். அழுகை எனக்கும் வந்தது, துடைக்கக் கை இல்லை.

செல்வம் மீதியைச் சொன்னார். தலையில் பட்ட அடியால் முதல் வருஷம் எதுவும் நினைவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கடைசியாக வந்தது அந்த நாய். தான் தூங்கிவிட்டதாக ஊரே நம்பிக்கொண்டிருப்பது, போன வருஷம் திரும்பி வந்து அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரியவந்ததாம். வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை, கலியனிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். கலியன்தான் கொல்லைப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். "ஆபீஸ்ல என் பேரே தூங்குமூஞ்சி. அந்தப் பேர எனக்கு வாங்கிக் குடுத்தது நீ. ஒரு வேன்காரன் நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டான், அதுவும் உன்னாலதான். வந்து மிதி, காலு மரத்துப்போச்சு" என்றார்.

கடைசி வண்டிகளைக் காணோமே என்று திரும்பி வந்த பிரேமா, கொஞ்ச தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முன்வண்டிக்குப் போய் அந்த ஃப்ளெக்ஸை அவிழ்த்து, எழுத்து உள்பக்கம் போகிற மாதிரிச் சுருட்டி வைத்துவிட்டார்.

திரும்பும்போது கலியபெருமாள் முன்னால், நான் பின்னால். பனி கலைந்து, மரங்களுக்கு நடுவே வெயில் பட்டை பட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டர் வரை அவர் மிதிப்பதிலேயே இருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார். "கதவத் தொறந்தது ஒரு பொம்பள" என்றார். உம் என்றார் செல்வம். "அவ சொன்னா, எங்க வூட்ல தூக்கம் நிறைய இருக்குது, எங்களுக்கு வேணாம், முழிப்பு இருந்தா ஒரு படி குடுன்னா." உம். "மூட்டைக்காரன் தெகச்சுப்போயிட்டான். முழிப்ப அவன் வித்ததே இல்ல." உம். நானும் என்னை அறியாமல் உம் கொட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் டவுன்பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து எங்களைத் தாண்டிப் போனது. அது போன பிறகுதான், என் கால் பெடலிலேயே இருந்ததைக் கவனித்தேன்.

அவர்கள் பிரிகிற ரவுண்டானா வந்தது. கதை முடியவில்லை. ஊர்வலம் முடிந்து எல்லாருக்கும் பொங்கலும் டீயும் கொடுத்தார்கள். நான் 9.30க்குக் கடலூருக்குக் கிளம்பினேன். வழியில் காலை ஊன்றியது ஒன்பது முறை. அதில் இரண்டு, இளநீர் குடிக்க.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விவரங்கள். ஊர்வலம் மாசியில் ஒரு ஞாயிறு, பனி இருக்கிற நாளாகப் பார்த்து வைக்கிறார்கள். முதல் நாளே போய்விடுங்கள், ஜோடி பார்க்காதவர்களை வரிசையில் சேர்ப்பதில்லை. டவுன்ஷிப் விருந்தினர் விடுதிக்கு முன் அனுமதி வேண்டும், மந்தாரக்குப்பம் லாட்ஜ் போதும். கடலூரிலிருந்து சைக்கிளில் வர முடியாதவர்களுக்கு வடலூர் வழியாக அடிக்கடி பஸ் இருக்கிறது. வாடகை சைக்கிள் நான் தேடிய வரை கிடைக்கவில்லை, இரவல் வண்டி வேண்டுமென்றால் பிரேமாவின் குழுவிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். பெல் இல்லாத வண்டி வேண்டாம். காதை மூடுகிற தொப்பியும் வேண்டாம், அங்கே கேட்பதற்குத்தான் போகிறோம். எனக்கு இரண்டு நாளுக்கும் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பிளாக்குகளுக்குள் வழி தவறினால் பயப்படாதீர்கள், யார் வீட்டுச் சமையல்கட்டுக்குள்ளும் போய்விடாமல் இருந்தால் சரி.

வீட்டுக்கு வந்ததும் கணவர் வண்டியை விற்பது பற்றிப் பேச்செடுக்கவில்லை. நான் கதை சொன்னேன், அவர் முழித்துக்கொண்டுதான் கேட்டார். இடையில் இரண்டு முறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஆனால் கதையில் கதவைத் திறந்த அந்தப் பெண்ணுக்கு முழிப்பு கிடைத்ததா என்பது என்னை விடவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கலியபெருமாளுக்கு போன் செய்தேன். இப்போதெல்லாம் நைட் ஷிப்ட் முடிந்ததும் செல்வத்தின் குவார்ட்டர்ஸ் வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறாராம். செல்வம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். வேனைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க இரண்டு பேரும் சேர்ந்து போய்விட்டு வந்திருக்கிறார்கள். அதெல்லாம் சரி, கதை எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"அத முடிக்கறதா இல்ல மேடம்" என்றார். "அவன் இன்னும் உம் கொட்டிக்கினு இருக்கான்."